பலீன் திமிங்கலப் பட்டியலில் ஒரு சிலுவைக் குறி

திமிங்கலங்களின் வகைப்பாட்டுப் பட்டியல் எதையாவது எடுத்துப் பார்த்தால் பல பெயர்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவைக் குறி நிற்கும், இப்படி: †. அற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். பலீன் திமிங்கலங்கள் பக்கம் போனால் இந்தக் குறி நிறையவே கண்ணில் படும், ஏனென்றால் இன்றைக்கு உயிரோடு இருப்பவை சுமார் 15 இனங்கள்தான், மண்ணுக்குள்ளிருந்தும் பாறைக்குள்ளிருந்தும் கிடைத்தவை அதைவிடப் பல மடங்கு. இதில் செட்டோதெரிடே என்று ஒரு குடும்பம் இருக்கிறது. ஒரு பட்டியலில் அதற்குச் சிலுவை போட்டிருக்கும், இன்னொரு பட்டியலில் இருக்காது. முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். பிழையில்லை. ஒரு குடும்பமே செத்துவிட்டதா இன்னும் இருக்கிறதா என்பதில் நிபுணர்களுக்குள் நிஜமாகவே தகராறு. அது எப்படி வந்தது என்று புரிந்துவிட்டால், அற்றுப்போன திமிங்கலங்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்பதில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

சரி, முதலில் பலீன். நீலத் திமிங்கலம், கூன்முதுகுத் திமிங்கலம் மாதிரியான பெரிய ஆட்களுக்குப் பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து நூற்றுக்கணக்கான தகடுகள் வரிசையாகத் தொங்கும், ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும் நார் நாராகப் பிரிந்து கிடக்கும். அதுதான் பலீன். நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே கெரட்டின்தான் இதுவும். தண்ணீரை வாய் நிறைய வாங்கி, தகடுகள் வழியாக வெளியே தள்ளினால், கிரில் என்கிற குட்டி இறால் மாதிரி உயிர்களும் சின்ன மீன்களும் உள்ளேயே தங்கிவிடும். கஞ்சி போய்ச் சாதம் நிற்கிற மாதிரி. இந்தக் கூட்டத்துக்கு அறிவியலில் மிஸ்டிசெட்டி என்று பெயர், மீசைக்காரத் திமிங்கலம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் பல்லுள்ள திமிங்கலங்கள்: டால்பின், எண்ணெய்த் திமிங்கலம் வகையறா. (இரண்டுக்கும் பொதுவான பழைய மூதாதைகள் நிலத்தில் நடந்தவை. அந்தக் கால் முளைத்த பருவத்தின் எலும்புகள் பாகிஸ்தானிலும் கட்ச்சிலும் கிடைத்திருக்கின்றன. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.)

இப்போது சிக்கலைப் பாருங்கள். நகம் மக்கிப் போகும். அதே மாதிரி பலீனும் மக்கிப் போகும். பெருவின் பிஸ்கோ பாலைவனப் பாறைகள் போல ஒன்றிரண்டு இடங்களில் அபூர்வமாகப் பலீனோடு சேர்ந்தே கல்லாகிக் கிடக்கிறது, மற்ற இடங்களில் வெறும் எலும்புதான். அப்படியானால் எந்த அடையாளத்தை வைத்து இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தோமோ அந்த அடையாளமே இல்லாமல்தான் அடையாளம் காண வேண்டும்.

எலும்புதான் பேச வேண்டும், அதிலும் மண்டையோடு. உங்கள் மோவாயைத் தடவிப் பாருங்கள், இடமும் வலமும் ஒட்டி ஒரே எலும்பாக இருக்கும். இன்றைய பலீன் திமிங்கலத்தில் அந்த இடம் ஒட்டாது; இரண்டு பாதிகளும் நார்த்திசுவால் மட்டும் இணைந்திருக்கும். மேல்தாடையின் ஓரம் மெலிந்து தட்டையாகப் போகும். மண்டையின் பின்பக்க எலும்பு முன்னால் நகர்ந்து வந்து, மூக்கு எலும்புகள் பின்னால் தள்ளப்பட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். எந்த எலும்பு எதன் மேல் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று அளப்பதிலேயே பாதி வகைப்பாடு முடிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காதெலும்பு. திமிங்கலத்தின் காதெலும்பு உடம்பிலேயே ரொம்ப அடர்த்தியானது, கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கும். மண்டை நொறுங்கினாலும், அலை புரட்டினாலும் இது மட்டும் தப்பிக் கிடக்கும். அதோடு அதன் மேடு பள்ளம், பிதுக்கம், துளை இதெல்லாம் இனத்துக்கு இனம் மாறுகிறது. திமிங்கலத்தின் ஆதார் அட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதுகெலும்பு பத்து கிடைப்பதைவிட ஒரு காதெலும்பு கிடைத்தால்தான் இந்தத் துறைக்காரர்களுக்குச் சந்தோஷம்.

இப்படி எலும்பை வைத்துத் தேடிக்கொண்டே பின்னால் போனால் ஒரு இடத்தில் தூக்கிவாரிப் போடும். ஆதிகாலத்துப் பலீன் திமிங்கலங்களுக்குப் பலீன் இல்லை. பல் இருந்தது. பெருவில் கிடைத்து 2017இல் பெயரிடப்பட்ட மிஸ்டகோடான் சுமார் 3 கோடியே 64 லட்சம் ஆண்டு பழையது, இந்தக் கூட்டத்தில் இதுவரை தெரிந்தவற்றில் மிகப் பழைய ஆட்களில் ஒன்று, வாய் நிறையப் பல். அண்டார்க்டிகாவின் சீமோர் தீவில் கிடைத்த லானோசீட்டஸ் 8 மீட்டர் நீளம், அதற்கும் பல். பல்லுக்குப் பல் பெரிய இடைவெளி, தேய்மானத்தைப் பார்த்தால் கடித்துத் தின்றது என்று தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கடற்கரையில் ஜான் ஜக் என்ற ஊருக்குப் பக்கத்தில் அலைச்சறுக்கு விளையாடப் போன ஒரு இளைஞர் கண்டெடுத்த ஜான்ஜுசீட்டஸ் இன்னும் ஒரு படி மேலே: உடம்பு சின்னது, கண் பெரியது, மூக்கு குட்டை, பல் கூர்மை. சுமார் 2.5 கோடி ஆண்டு பழையது. அதன் படத்தை யாரிடமாவது காட்டி இது நீலத் திமிங்கலத்துக்கு உறவு என்றால் சிரிப்பார்கள்.

பலீன் இல்லாததை ஏன் பலீன் திமிங்கலம் என்கிறார்கள்? நம் ஊர்களில் புளியமரம் ஸ்டாப்பிங் என்று இருக்கும், இறங்கிப் பார்த்தால் மரம் இருக்காது, ஆனாலும் கண்டக்டருக்கும் நமக்கும் இடம் எது என்பதில் குழப்பம் வராது. மிஸ்டிசெட்டியும் அப்படி ஒரு பெயர்தான். வாயில் என்ன இருக்கிறது என்பது இங்கே கேள்வியே இல்லை. யார் வழியில் வந்தது என்பதுதான் கேள்வி. டால்பினுக்கும் நீலத் திமிங்கலத்துக்கும் வழி பிரிந்த பிறகு நீலத் திமிங்கலத்தின் பக்கம் நிற்கிற எல்லாமே மிஸ்டிசெட்டி, பல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஜான்ஜுசீட்டஸின் மேல்தாடையும் மண்டை அமைப்பும் அதை அந்தப் பக்கம் நிறுத்துகின்றன. 2006இல் எரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் அதை விவரித்தபோது சொன்னது இதைத்தான்.

இதற்கு உயிரோடிருப்பவையும் சாட்சி சொல்கின்றன. இன்றைய பலீன் திமிங்கலக் குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது ஈறுக்குள் பல் மொட்டுகள் தோன்றி, பிறகு கரைந்துபோகின்றன. 1800களின் தொடக்கத்திலேயே பிரான்சில் இதைப் பார்த்திருக்கிறார்கள். பல்லின் எனாமலை உருவாக்கத் தேவையான ஒரு மரபணு, இன்றைய பலீன் திமிங்கலங்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உடைந்து கிடக்கிறது என்று 2011இல் காட்டினார்கள். பூட்டிய அறையின் சாவி தொலைந்துவிட்டது, அறை மட்டும் வீட்டுக்குள் இன்னும் இருக்கிறது.

பல் போய்ப் பலீன் வந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றி மூன்று கட்சிகள் உண்டு. பல்லே சல்லடையாக வேலை செய்தது என்பது ஒன்று. தென் கரோலினாவில் கிடைத்த கொரோனோடானின் அகலமான கடைவாய்ப் பற்களுக்கு இடையிலுள்ள சந்துகளைக் காட்டிப் பேசுவார்கள். பழைய மிஸ்டிசெட்டிகளின் பல் கூர்மையை அளந்த வேறொரு குழு, இவை கிழிக்கிற பற்கள், வடிகட்டுகிற பற்கள் இல்லை என்று மறுத்தது. இந்த வாதமும் மறுப்பும் வந்தது 2017இல்தான்! பல்லும் பலீனும் கொஞ்ச காலம் ஒரே வாயில் இருந்தன என்பது இரண்டாவது கட்சி. ஏட்டியோசீட்டஸ் என்ற திமிங்கலத்தின் அண்ணத்தில் பல்லுக்குப் பக்கத்தில் ரத்தக் குழாய் போகிற சின்னத் துளைகள் இருக்கின்றன, இன்றைக்குப் பலீனுக்கு ரத்தம் போவது அந்த மாதிரித் துளைகள் வழியாகத்தான், ஆகவே பலீன் இருந்திருக்கும் என்று 2008இல் சொல்லி, 2022இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்து இன்னும் உறுதியாகச் சொன்னார்கள். மூன்றாவது, பல் முதலில் போனது, பலீன் அப்புறம்தான் வந்தது, நடுவில் எதுவும் இல்லாமல் உறிஞ்சித்தான் தின்றன என்பது. ஆரிகனில் கிடைத்து 2018இல் பெயரிடப்பட்ட மாயாபலீனா இவர்களுடைய சாட்சி: சுமார் 3.3 கோடி ஆண்டு, பல்லும் இல்லை, பலீன் இருந்ததற்கு அறிகுறியும் இல்லை. எனக்கு இந்த மூன்றாவது கட்சி மேல் ஒரு சாய்வு உண்டு, ஆனால் வெவ்வேறு கிளை வெவ்வேறு வழியில் போயிருக்கவும் இடம் இருக்கிறது.

அந்த ஏட்டியோசீட்டஸைப் பற்றி ஒரு விஷயம். 1966இல் அதை விவரித்த டக்ளஸ் எம்லாங், பல் இருக்கிறதே என்று அதைப் பழைய ஆதித் திமிங்கலங்களோடு சேர்த்தார். இரண்டே வருடத்தில் வான் வேலன் என்பவர் மண்டையைக் காட்டி அதை மிஸ்டிசெட்டிக்கு மாற்றினார். எலும்பு அதேதான். எந்த அடையாளத்துக்கு எடை கொடுப்பது என்பது மாறியது, வீடும் மாறியது.

இங்கே இரண்டு கலைச்சொற்கள் தேவை, இல்லாவிட்டால் எந்தக் கட்டுரையும் புரியாது. தண்டுக் குழு, முடிக் குழு (முடி என்றால் இங்கே கிரீடம்). ஒரு கல்யாண வீட்டில் உங்கள் பங்காளிகள் எல்லோரும் கூடியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் பொதுவான, மிக நெருங்கிய ஒரு மூதாதை யார் என்று பின்னால் போனால் ஒரு கொள்ளுத்தாத்தாவில் போய் நிற்கும். அவரும் அவர் வழியில் பிறந்த எல்லோரும் முடிக் குழு. கவனியுங்கள், அவர் வழியில் பிறந்து செத்துப்போனவர்களும் இதில் அடக்கம். அந்தக் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார், அவர் வம்சம் பேரப்பிள்ளையோடு நின்றுபோனது என்றால், அவர்களும் குடும்பம்தான், ஆனால் தண்டுக் குழு. மிஸ்டகோடான், லானோசீட்டஸ், ஜான்ஜுசீட்டஸ் எல்லாம் அந்த அண்ணன் வம்சம்.

புதிதாகப் படிக்கிறவர்கள் அற்றுப்போனது என்றாலே தண்டுக் குழு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் கிடைத்த மொரேனோசீட்டஸ் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன்பே அற்றுப்போனது, ஆனால் இன்றும் வாழ்கிற பலீன் குடும்பங்களில் ஒன்றான ரைட் திமிங்கலங்களின் நேர்ப் பங்காளி. ஆகவே அது முடிக் குழு. செத்தது எப்போது என்பது கணக்கில்லை, எந்தக் கிளையில் செத்தது என்பதுதான் கணக்கு.

இனி சிலுவைக் குறிக்கு வருவோம். 1843இல் பிராண்ட் என்ற அறிஞர், கருங்கடல் பக்கத்தில் தமான் தீபகற்பத்திலிருந்து வந்த ஒரு மண்டையோட்டுத் துண்டுக்கு செட்டோதீரியம் ரத்கியி என்று பெயர் வைத்தார். 1872இல் அதை வைத்தே ஒரு குடும்பத்தையும் அமைத்தார், அதுதான் செட்டோதெரிடே. அதுவரை ஒரு குறையும் இல்லை. குறை வந்தது பின்னால். அடுத்த நூறு வருடத்தில் உலகம் முழுக்கப் பல்லில்லாத திமிங்கல எலும்புகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ரைட் திமிங்கலம் மாதிரி இருந்தால் அந்தக் குடும்பத்தில் போடலாம். நீலத் திமிங்கலம், கூன்முதுகு எல்லாம் சேர்ந்த ரார்க்குவல் குடும்பம் மாதிரி இருந்தால் அதில் போடலாம். இரண்டும் இல்லையா? செட்டோதெரிடேயில் போடு.

மாதக் கணக்கு எழுதும்போது கடைசி வரியாக ‘இதர செலவு’ என்று ஒன்று எழுதுவோமே, அதே வேலைதான். பால், அரிசி, கரன்ட் பில் என்று எழுதிவிட்டு, கணக்கில் நிற்காததையெல்லாம் அதில் தள்ளுவோம். அந்த வரியில் இருக்கும் ஆட்டோ காசுக்கும் மொய்ப் பணத்துக்கும் என்ன உறவு? வேறெதிலும் சேரவில்லை என்பது மட்டும்தான். செட்டோதெரிடேயும் அப்படித்தான் ஆனது, இன்னது இருக்கிறது என்று இல்லாமல் இன்னது இல்லை என்பதை வைத்து ஒரு குடும்பம். அமெரிக்காவில் மேரிலாந்தின் கால்வர்ட் பாறைகளிலிருந்து கெல்லாக் என்ற ஆய்வாளர் அழகாக விவரித்த பீலோசீட்டஸ், டியோரோசீட்டஸ் எல்லாம் இந்த வரியில்தான் விழுந்தன.

பெல்ஜியத்தில் நடந்தது இன்னும் மோசம். 1860களில் ஆன்ட்வெர்ப் நகரைச் சுற்றிக் கோட்டை கட்டத் தோண்டியபோது திமிங்கல எலும்புகள் குவியல் குவியலாக வந்தன. வான் பெனடன் என்ற பேராசிரியர் உட்கார்ந்து இனம் இனமாகப் பெயர் வைத்தார். ஆனால் எந்த எலும்பு எந்த உடம்பிலிருந்து வந்தது என்று தெரியாத குவியல் அது, வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு விலங்கிலிருந்து வந்த துண்டுகள் ஒரே பெயரின் கீழ் சேர்ந்துவிட்டன. இது ஏன் பெரிய சிக்கல் என்றால், வகைப்பாட்டில் ஒவ்வொரு பெயரும் ஒரு மூல மாதிரியோடு, அதாவது பெயர் வைத்தபோது ஆதாரமாகக் காட்டிய எலும்போடு, கட்டப்பட்டிருக்கிறது. பட்டா நிலத்துக்கு எல்லைக்கல் மாதிரி. கல்லே நாலு துண்டாக நாலு வயலில் கிடந்தால் எந்த வயலை அளப்பது? 2010இல் மெட்டே ஸ்டீமன் அந்தச் சேகரத்தை மறுபடி எடுத்து, காதெலும்புகளை வைத்து, எந்தப் பெயர் நிற்கும் எது நிற்காது என்று பிரித்தார். எதோடும் ஒப்பிட முடியாத துண்டை நம்பி நிற்கும் பெயரை ஐயத்துக்குரிய பெயர் என்று குறித்து ஒதுக்கிவைப்பது வழக்கம்.

‘இதர’ வரியைப் பிரிக்கிற வேலைக்கு ஒரு நல்ல பிடி 2006இல் கிடைத்தது. பெருவில் கிடைத்த பிஸ்கோபலீனா என்ற சின்னத் திமிங்கலத்தை பூட்டல், முய்ஸோன் என்ற இருவர் விரிவாக விவரித்து, அசல் செட்டோதீரியத்தோடு எது எது நிஜமாகவே ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். ஒரு அடையாளத்தை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். மேல்தாடை எலும்பு நெற்றிப் பக்கம் நீண்டு, முக்கோணமாகக் கூம்பி, மண்டைக்குள் ஆப்பு அடித்த மாதிரி ஏறியிருக்கும். இரண்டு பக்கத்து ஆப்பும் நடுக்கோட்டை நோக்கி நெருங்குவதால் மூக்கு எலும்பு இடையில் மாட்டி ஒடுங்கிப்போயிருக்கும். இந்த மாதிரி அடையாளங்கள் உள்ளவை மட்டும் அசல் குடும்பம். கெல்லாக்கின் திமிங்கலங்கள் வெளியே போயின, அவற்றைப் பலரும் இப்போது ரார்க்குவல் கிளையின் அடிப்பக்கம் வைக்கிறார்கள். குடும்பம் சின்னதானது. ஆனால் முதல்முறையாக அது ஒரு குடும்பமாக ஆனது.

அதற்குப் பிறகுதான் எதிர்பாராதது நடந்தது. தென் கோளக் கடல்களில் கேப்பெரியா என்று ஒரு திமிங்கலம் இருக்கிறது, குட்டி ரைட் திமிங்கலம் என்பார்கள். சுமார் 6.5 மீட்டர்தான் வளரும், இன்று இருக்கும் பலீன் திமிங்கலங்களில் இதுதான் சின்னது. 1846இல் ஜான் எட்வர்ட் கிரே இதற்குப் பெயர் வைத்தபோது அவரிடம் இருந்தது சில பலீன் தகடுகள் மட்டும்! விலா எலும்புகள் அகலமாகப் பட்டையாக, ஓலை மேய்ந்த கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். தாடை வில் மாதிரி வளைந்திருப்பதால் ரைட் திமிங்கலத்துக்கு உறவு என்றார்கள். ஆனால் ரைட் திமிங்கலத்துக்கு இல்லாத முதுகுத் துடுப்பு இதற்கு உண்டு, டிஎன்ஏ பார்த்தவர்களும் இது ரார்க்குவல் பக்கம்தான் சாய்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எந்தக் குடும்பத்திலும் ஒட்டாமல் தனியாக நின்றது.

2013இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து யூவன் ஃபோர்டைஸும் ஃபீலிக்ஸ் மார்க்ஸும் இதன் எலும்பைப் புதைபடிவங்களோடு ஒப்பிட்டார்கள். காதெலும்பின் பின்பக்க நீட்சி மண்டையின் வெளிச்சுவர்வரை பெரிதாக விரிந்து வெளியே தெரிவது உள்ளிட்ட பல அடையாளங்கள் செட்டோதெரிடேயோடு பொருந்தின. கேப்பெரியாதான் கடைசி செட்டோதீர் என்று தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள். அதாவது செத்துப்போனதாகச் சிலுவை போட்ட குடும்பத்தில் ஒரு ஆள் இத்தனை நாளும் தெற்குக் கடலில் நீந்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா என்றால் இல்லை. பெருவில் கிடைத்த மியோகேப்பெரியா என்ற பழைய உறவுக்காரரை வைத்து, இது ரைட் திமிங்கலப் பக்கம்தான் என்று இத்தாலியின் மிக்கேலே பிஸ்கோன்டி 2012இலேயே சொல்லியிருந்தார். அவரும் வேறு சிலரும் புதிய ஏற்பாட்டை ஏற்கவில்லை. எலும்பில் ஒரே மாதிரி தெரிவது சொந்தத்தாலும் வரலாம், ஒரே மாதிரி பிழைப்பாலும் வரலாம், இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டம். டிஎன்ஏ எடுக்கலாமே என்று கேட்கலாம். கேப்பெரியாவிடம் எடுக்கலாம், எடுத்தும் விட்டார்கள். அது கேப்பெரியா ரார்க்குவல் பக்கம் என்று சொல்லும், அவ்வளவுதான். பல லட்சம் வருடப் பழைய செட்டோதீரின் எலும்பில் டிஎன்ஏ மிச்சமில்லாதபோது எதோடு ஒப்பிடுவது? என் கண்ணுக்கு டிஎன்ஏயும் காதெலும்பும் ஒரே திசையில் கை காட்டுவதால் ஃபோர்டைஸ், மார்க்ஸ் பக்கம்தான் கனமாகத் தெரிகிறது.

கதை இன்னும் கொஞ்சம் நீண்டது. ஹெர்ப்பெட்டோசீட்டஸ் என்ற குட்டி செட்டோதீர், எப்போதோ போய்விட்டதாக நினைத்தது, கலிஃபோர்னியாவில் பனி யுகக் காலத்துப் படிவில் கிடைத்தது. கேப்பெரியாவின் நெருங்கிய உறவுகளின் எலும்பு ஜப்பானின் ஒக்கினாவாவிலும் இத்தாலியின் சிசிலியிலும் கிடைத்ததாக 2017இல் அறிவித்தார்கள், அதுவும் பனி யுகக் காலத்ததுதான். தெற்கில் மட்டுமே வாழ்கிற ஒன்றின் சொந்தக்காரர்கள் பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கேயும் குடியிருந்திருக்கிறார்கள்.

பட்டியலுக்குத் திரும்பினால், கேப்பெரியாவுக்கு நியோபலீனிடே என்று தனிக் குடும்பம் கொடுக்கிறவர்கள் செட்டோதெரிடேக்கு முன்னால் சிலுவை போடுவார்கள். கேப்பெரியாவைச் செட்டோதெரிடேக்குள் சேர்க்கிறவர்கள் போட மாட்டார்கள். நீங்கள் பார்க்கிற பட்டியல் யார் பக்கம் என்று தெரிய முழுவதும் படிக்கக்கூட வேண்டாம், அந்த ஒரு குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.